சூடோமோனாஸ் பொடியும் நெல் வேரும்: ஆறு போகத்துக் கணக்கு

பெத்தநாயக்கன்பாளையம் பக்கம், வசிஷ்ட நதியிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்களுக்கு ஒன்றேகால் ஏக்கர் நெல் வயல். ஆற்றை நம்பி நடவு செய்யும் காலமெல்லாம் போய்விட்டது, எல்லாம் போர் தண்ணீர்தான். 2018 ஆவணியில் அதுவும் இழுத்துப் பறித்ததால், சேற்று நாற்றங்காலுக்குப் பதில் புழுதியில் விதை விட்டோம். பதினெட்டாம் நாள் பார்த்தால் பாய் விரித்த அகலத்துக்கு அங்கங்கே மஞ்சள் திட்டு. பக்கத்துக் காட்டு அண்ணன் வரப்பில் நின்றபடியே, "சத்துப் பத்தலைங்க தம்பி, ரெண்டு கை யூரியா எறிஞ்சு விடுங்க" என்றார். எறிந்தேன். பச்சை திரும்பவில்லை.

அம்மாதான் ஒரு நாற்றைப் பிடுங்கி வாளித் தண்ணீரில் அலசினார். வேரின் நுனிகள் தூண்டில் முள் போல வளைந்து, வளைவில் கடுகு பருமனுக்கு வீங்கியிருந்தன. "தக்காளிக்கு வர்ற முடிச்சாட்டம் இருக்குதுடா" என்றார். கிட்டத்தட்ட சரிதான். தக்காளி வேரில் மணி கோத்த மாதிரி நெடுக முடிச்சு வரும். நெல்லில் பெரும்பாலும் நுனியிலேயே கொக்கி போட்டு நின்றுவிடும். சந்தியூர் வேளாண் அறிவியல் நிலையத்துக்கு நாற்றை மண்ணோடு எடுத்துப் போனேன். வேர்முடிச்சு நூற்புழு என்றார்கள், அறிவியல் பெயர் மெலாய்டோகைனி கிராமினிகோலா. 1965இல் அமெரிக்காவின் லூசியானாவில் நெல்வயல் களையான ஒரு புல்லின் வேரில் கண்டுதான் இதற்குப் பெயர் வைத்தார்கள். நம் வரப்பிலும் அதே ஜாதிப் புல் நிற்கிறது என்பது எனக்கு அப்புறம்தான் உறைத்தது.

அந்தப் போகத்தில் ஏக்கருக்கு வழக்கமாக முப்பது மூட்டை எடுக்கும் இடத்தில் பத்தொன்பதுதான் வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா கலந்த பொடிக்கு மாறினேன். ஆறு போகம் விடாமல் போட்டுப் பார்த்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதல் போகத்தில் நான் செய்தது தப்பு. இதை மருந்து என்று நினைத்துக்கொண்டு, நடவு முடிந்து நாற்பதாம் நாள் திட்டு தெரிந்த பிறகு வாங்கி வந்து இறைத்தேன். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது. ஏன் என்று புரிய, நெல் எப்படித் தன்னைக் காத்துக்கொள்கிறது என்று கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

புழுவின் குஞ்சு அரை மில்லிமீட்டர்கூட இருக்காது. வேர் நுனிக்குச் சற்றுப் பின்னால் துளைத்து உள்ளே போய், நுனி வரை இறங்கி, அங்கே திரும்பி வேரின் நடுவில் சாறு ஓடும் இடத்துக்கு ஏறி உட்கார்ந்துவிடும். உட்கார்ந்த இடத்தில் எச்சிலைச் செலுத்தி, பக்கத்துச் செல்கள் சிலவற்றை ஊதிப் பெரிதாக்கித் தனக்குச் சோற்றுப் பானையாக்கிக்கொள்ளும். அப்புறம் அது நகரவே வேண்டாம். மூன்று நான்கு வாரத்தில் முட்டை. அதையும் பெரும்பாலும் வேருக்குள்ளேயே இடும். வெளியே தண்ணீர் நின்றால் என்ன, மருந்து கிடந்தால் என்ன, அதற்கு உள்ளே கவலை இல்லை.

பயிரும் சும்மா இருப்பதில்லை. புழு தொட்டதும் ஜாஸ்மோனேட் என்ற ஹார்மோன் வழியாக எச்சரிக்கை ஓடும், செல்சுவர் தடிக்கும், எதிர்ப்புள்ள பயிரில் புழுவின் தலையைச் சுற்றியுள்ள செல்கள் தாமே கருகிச் செத்து, அதைப் பட்டினி போட்டுவிடும். பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகத்தார் 2011இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று எனக்கு மிகவும் பிடித்தது: இந்த ஹார்மோனை இலையில் தெளித்தால் வேரில் புழு குறைகிறது. இலைக்குச் சொன்னது வேருக்குக் கேட்கிறது! ஆனால் புழுவும் லேசுப்பட்டதில்லை, அந்த எச்சரிக்கையை அமுக்கத் தன் எச்சிலிலேயே சரக்கு வைத்திருக்கிறது. பலமாக எதிர்ப்பது ஆப்பிரிக்க நெல்லின் சில வகைகள். அதை நம் நெல்லோடு கலந்தும் பார்த்தார்கள். வாரிசுகளிடம் ஆப்பிரிக்க நெல்லின் பலம் முழுதாக இறங்கவில்லை. ஏற்காடு மலையில் காப்பி வைத்திருப்பவர்களைப் பார்த்தால் இந்த விஷயத்தில் எனக்குப் பொறாமை. அரபிகாவை ரோபஸ்டா வேரில் ஒட்டுக்கட்டி வேரழுகல் நூற்புழுவிடமிருந்து தப்பிக்க ஒரு வழியாவது காப்பிக்கு உண்டு. நெல்லுக்கு ஒட்டு எங்கே கட்டுவது?

சூடோமோனாஸ் வேலை செய்வது இந்த இடத்தில்தான். அது வேரைச் சுற்றிக் குடியேறும் பாக்டீரியா. புழுவை நேராகக் கொல்வதைவிட, பயிரை முன்கூட்டியே உசுப்பி வைக்கிறது என்பதுதான் பெரிய லாபம். திருடன் வீட்டுக்குள் வந்து படுத்த பிறகு நாய் வாங்கிப் பயனில்லை.

இரண்டாம் போகத்திலிருந்து முறை மாறியது. கிலோ விதைக்குப் பத்து கிராம் பொடி, தண்ணீரில் கரைத்து ராத்திரி ஊறல், பிறகு முளைக்கட்டல். பிடுங்கிய நாற்று முடிகளை நாற்றங்கால் மூலையில் ஒரு அங்குலம் தண்ணீர் கட்டி, ஏக்கருக்கு ஒரு கிலோ கரைத்து அரை மணி நேரம் நிற்க வைப்போம். நடவுக்குப் பின் இன்னொரு கிலோ, இருபது கிலோ மக்கிய தொழுவுரத்தில் கலந்து இறைப்பு. நடவுக்கு வந்த அக்காமார், "நாத்துக்குப் பாலூத்தறீங்களா?" என்று சிரித்தார்கள், கரைசல் அப்படித்தான் இருக்கும்.

நான்காம் போகத்தில் மறுபடி கவிழ்ந்தேன். ஒரு கடையில் கொடுத்த பொட்டலத்தில் தயாரிப்புத் தேதி அழிந்திருந்தது. நானும் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டுவிட்டேன். அதைத் தகரக் கொட்டகையில் பங்குனி முழுக்கப் போட்டு வைத்தது என் பங்கு. உள்ளே இருப்பது உயிர். வெந்துபோனால் மிச்சம் அதைக் கலந்திருந்த வெறும் டால்க் மாவு. அந்த வருஷம் நாற்றில் கொக்கி பழையபடி.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும், பொடி மட்டும் போட்டிருந்தால் புழு இந்த அளவுக்குக் குறைந்திருக்காது. நெல் அறுத்த கையோடு எள் விதைக்கிறேன். எள்ளின் வேரில் இந்தப் புழு பிழைப்பது கஷ்டம். வரப்புப் புல்லைக் கோரையோடு கொத்தி எடுக்கிறோம். எனக்கு இன்னும் தீராத வழக்கு தண்ணீர்தான். வயலில் தண்ணீர் நின்றால் குஞ்சுகளால் புது வேருக்குள் நுழைய முடிவதில்லை. ஆனால் போர் இருக்கும் இருப்புக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாகத்தான் பாய்ச்ச முடிகிறது, காயும் நாட்கள் புழுவுக்குக் கொண்டாட்டம். ஆகவே நட்ட முதல் இருபது நாள் மட்டும் எப்பாடுபட்டாவது தண்ணீர் கட்டுகிறேன், சிக்கனமெல்லாம் அதற்கு மேல். இது என் வயலுக்கு நான் கண்ட சமரசம். மணல் பாங்கான நிலத்தில் நிற்குமா என்பது வேறு கதை.

போன போகம் ஏக்கருக்கு இருபத்தெட்டு மூட்டை. பழைய முப்பது இன்னும் திரும்பவில்லை. ஆனாலும் பொடிக்குப் போகும் சில நூறு ரூபாய் எனக்கு உறுத்துவதில்லை. வாங்குகிறவர்கள் தேதியைப் பார்த்து, விதை ஊறப் போடும் வாரத்தில் வாங்குங்கள். திட்டு விழுந்த பிறகு வாங்குவதாக இருந்தால் அந்தக் காசுக்கு வேறு ஏதாவது வாங்கிக்கொள்ளலாம்.

நேற்று சாயங்காலம் நாற்றங்காலில் ஐந்து இடத்தில் இருபது நாற்று பிடுங்கி அலசினோம். பதினேழு வேர் வெள்ளை வெளேரென்று நேராக இறங்கியிருந்தது. மூன்றில் கொக்கி. அம்மா அந்த மூன்றையும் தனியாக எடுத்து அடுப்பில் போட்டுவிட்டு, மேற்கு மூலை நாற்றை நடவுக்குத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.