‘வில்’லா, ‘கோயிங் டு’வா? நாளையைப் பற்றி ஆங்கிலத்தில் பேச எது தோது

ஆங்கிலத்தில் எதிர்காலம் என்றாலே ‘வில்’ என்றுதான் பலரும் பள்ளியிலிருந்து மனதில் பதித்துக்கொண்டு வருகிறோம். ‘வென்ட்’, ‘கோ’, ‘வில் கோ’ என்று மூன்று கட்டம் போட்டு மனப்பாடம் செய்த பழக்கம் அது. ஆனால் ஆங்கில வினைச்சொல்லுக்கு எதிர்கால விகுதி என்று ஒன்று கிடையவே கிடையாது. ‘வாக்ட்’ என்பதன் வாலில் இறந்தகாலம் ஒட்டியிருப்பதுபோல எதிர்காலம் எந்த வினையிலும் ஒட்டுவதில்லை. அதனால் அந்த மொழி வேறு வேலைக்கு இருந்த சொற்களை வைத்து நாளையைப் பேசுகிறது: ‘ஐ வில் மீட்’, ‘ஐ ஆம் கோயிங் டு மீட்’, ‘ஐ ஆம் மீட்டிங்’, ‘ஐ மீட்’ என்று நாலு வழி. நாலும் சரியான ஆங்கிலம், நாலுக்கும் பொருள் கொஞ்சம் வேறு.

பேச்சில் எதை முதல் தேர்வாக வைத்துக்கொள்வது என்று யோசித்து நான் ‘கோயிங் டு’ பக்கம் போய்விட்டேன். எழுத்தில் அப்படியில்லை, அதையும் சொல்கிறேன்.

முதலில் ‘ஷேல்’ என்பதை ஓரமாக வைத்துவிடலாம். ‘ஐ’, ‘வீ’ வந்தால் ‘ஷேல்’, மற்றவர்களுக்கு ‘வில்’ என்ற விதி ஜான் வாலிஸ் என்ற கணித அறிஞர் 1653இல் லத்தீனில் எழுதிய ஆங்கில இலக்கணத்திலிருந்து வருவது. முடிவிலிக்கு நாம் போடும் படுத்த எட்டு அடையாளத்தைக் கணிதத்துக்குக் கொடுத்தவரும் அவர்தான். இன்றைய பேச்சில் ‘ஷேல் ஐ ஓப்பன் த விண்டோ?’, ‘ஷேல் வீ கோ?’ என்று ஒன்றைச் செய்யட்டுமா, போகலாமா என்று கேட்கும்போது அது வருகிறது. ஒப்பந்தங்களில் கடமையைச் சொல்ல வருகிறது. மற்றபடி அதற்காக மெனக்கெட வேண்டாம்.

‘வில்’லுக்கும் ‘கோயிங் டு’வுக்கும் எல்லாப் பாடப்புத்தகமும் சொல்லும் வித்தியாசம் உங்களுக்குத் தெரிந்திருக்கும். கருமேகம் கண்ணுக்கு முன்னால் திரண்டு நிற்கிறது என்றால் ‘இட்ஸ் கோயிங் டு ரெயின்’. கண்ணால் கண்ட ஆதாரம் இல்லாமல் என் அபிப்பிராயமாகச் சொன்னால் ‘ஐ திங்க் இட் வில் ரெயின் டுமாரோ’. ஏற்கெனவே முடிவெடுத்தாயிற்று என்றால் ‘கோயிங் டு’, பேசிக்கொண்டிருக்கும்போதே முடிவெடுத்தால் ‘வில்’. இது நமக்குப் புதிதே இல்லை. ‘மழை வரப்போகுது’ என்று சொல்வதும் ‘நாளைக்கு மழை வரும்’ என்று சொல்வதும் ஒன்றல்ல என்று நம் காதுக்குத் தெரியும். இன்னொன்று, கணிப்பு என்று வந்துவிட்டால் இந்தக் கோடு பெரும்பாலும் மங்கிவிடுகிறது. யார் ஜெயிப்பார்கள் என்று சொல்ல இரண்டில் எதைப் போட்டாலும் கேட்பவர் கவனிக்கப்போவதில்லை. அதற்காக வாக்கியத்தின் நடுவில் நின்று யோசிப்பது வீண்.

என்னைப் பொறுத்தவரை முடிவைத் தீர்மானித்த விஷயம் வேறு. நேர் வாக்கியத்தில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் நிற்கின்றன. அதே வாக்கியத்தை எதிர்மறையாக்கிப் பாருங்கள், கேள்வியாக்கிப் பாருங்கள், நேற்றுக்குக் கொண்டுபோய்ப் பாருங்கள். சட்டையைத் திருப்பிப் போட்டால் தையல் தெரிவதுபோல வித்தியாசம் அங்கேதான் தெரிகிறது. ‘கோயிங் டு’ எங்கே கொண்டுபோனாலும் ஏறக்குறைய அதே பொருளோடு இருக்கிறது. ‘வில்’ அப்படி இருப்பதில்லை.

எதிர்மறையை எடுத்துக்கொள்வோம். ‘வில்’ என்பது பழைய ஆங்கிலத்தில் ‘விரும்பு’ என்ற பொருளில் இருந்த வினை. அந்த விருப்பம் இன்னும் அதற்குள் இருக்கிறது, ‘நாட்’ சேர்ந்தவுடன் வெளியே வருகிறது. ‘த கார் வோன்ட் ஸ்டார்ட்’ என்றால் வண்டி நாளைக்குக் கிளம்பாது என்ற ஜோசியம் இல்லை. இப்போது, இந்த நிமிஷம், கிளம்ப மாட்டேன் என்கிறது. ‘ஹி வோன்ட் லிசன்’ என்றால் சொன்னாலும் கேட்க மாட்டேன் என்கிறான். இப்போது மேலாளருக்கு நாளை விடுப்பு என்று தெரிவிக்கப் போகிறீர்கள், ‘ஐ வோன்ட் கம் டுமாரோ’ என்று சொல்கிறீர்கள். இலக்கணம் சரி. ஆனால் கேட்பவர் காதில் அது ‘நாளைக்கு வரமாட்டேன்’ என்று விழக்கூடும். நாம் சொல்ல நினைத்தது ‘நாளைக்கு நான் வரலை’ என்ற சாதாரணத் தகவல். அதற்கு ‘ஐ ஆம் நாட் கமிங் இன் டுமாரோ’ என்றோ ‘ஐ ஆம் நாட் கோயிங் டு பி இன் டுமாரோ’ என்றோ சொன்னால் வம்பே இல்லை. தமிழில் ‘வரமாட்டேன்’, ‘வரலை’ இரண்டையும் நாம் ஒருநாளும் குழப்பிக்கொள்வதில்லை. ஆங்கிலத்துக்குப் போனதும் இரண்டையும் ‘வோன்ட்’டில் போட்டு அடைத்துவிடுகிறோம், அதுதான் சிக்கல்.

இங்கே ஒரு விதிவிலக்கு உண்டு. ‘பி’ என்ற வினையோடு வரும்போது ‘வோன்ட்’டின் பிடிவாதம் கரைந்துவிடும். ‘ஐ வோன்ட் பி இன் டுமாரோ’, ‘ஐ வோன்ட் பி ஏபிள் டு கம்’ இரண்டும் மரியாதையான வாக்கியங்கள்தான். ‘கோயிங் டு’வும் முழு அப்பாவி இல்லை: ‘ஐ ஆம் நாட் கோயிங் டு டெல் யூ’ என்று அழுத்திச் சொன்னால் அதுவும் மறுப்புத்தான். ஆனால் அங்கே மறுப்பு குரலிலிருந்தும் சூழலிலிருந்தும் வருகிறது. ‘வோன்ட்’டில் அது சொல்லுக்குள்ளேயே தயாராக இருக்கிறது.

கேள்விக்கு வந்தால் வித்தியாசம் இன்னும் பளிச்சென்று இருக்கும். ‘வில் யூ சென்ட் த ஃபைல்?’ என்றால் ஃபைலை அனுப்புகிறாயா என்ற வேண்டுகோள், குரல் கொஞ்சம் உயர்ந்தால் கட்டளை. அவருடைய திட்டம் என்ன என்று தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறீர்கள் என்றால் ‘ஆர் யூ கோயிங் டு சென்ட் த ஃபைல்?’ என்பதுதான் பொருந்தும். அதிலும் ஒரு ஆபத்து இருக்கிறது, ‘அனுப்பப்போறியா இல்லையா’ என்ற தொனி சில இடங்களில் ஒட்டிக்கொள்ளும். உங்களைவிட மூத்தவரிடமோ, புதிதாகப் பழகுபவரிடமோ திட்டத்தைக் கேட்க வேண்டுமென்றால் ‘வில் யூ பி சென்டிங் த ஃபைல் டுடே?’ என்பது மெதுவாக இருக்கிறது. ‘ஐஎன்ஜி’ சேர்ந்ததும் அது வேண்டுகோள் இல்லை, ஏற்கெனவே நடக்க இருப்பதைப் பற்றிய விசாரிப்பு என்று ஆகிவிடுகிறது. ‘வில்’ குடும்பத்தில் நான் மனமாரச் சிபாரிசு செய்வது இதைத்தான்.

அப்புறம் நேற்று. ‘உன்னைக் கூப்பிடலாம்னு இருந்தேன்’ என்று தமிழில் நாம் நாளுக்கு நாலு தடவை சொல்லும் வாக்கியத்தை ஆங்கிலத்தில் எப்படிச் சொல்வது? ‘ஐ வாஸ் கோயிங் டு கால் யூ.’ அவ்வளவுதான், ‘ஆம்’ இருந்த இடத்தில் ‘வாஸ்’. திட்டம் இருந்தது, நடக்கவில்லை, இரண்டும் அந்த ஒரு வாக்கியத்திலேயே வந்துவிடுகிறது. ‘வில்’லை இதேபோல நேற்றுக்குத் தள்ளினால் ‘வுட்’ ஆகும். ‘ஐ வுட் கால் யூ’ என்று தனியாகச் சொன்னால் கேட்பவர் ‘முன்னெல்லாம் கூப்பிடுவேன்’ என்றோ, ‘முடிந்தால் கூப்பிடுவேன்’ என்றோதான் எடுத்துக்கொள்வார். ‘ஐ செட் ஐ வுட் கால் யூ’ என்று முன்னால் ஒன்றைச் சேர்த்தால்தான் அது சரியாகும், அப்போதும் சொல்வது சொன்ன வார்த்தையைப் பற்றி, திட்டத்தைப் பற்றி அல்ல. வேலை தள்ளிப்போனதை விளக்க வேண்டிய இடங்களில், ‘வீ வேர் கோயிங் டு ரிலீஸ் இட் லாஸ்ட் வீக், பட் த டெஸ்ட் ஃபெயில்ட்’ என்ற மாதிரி, இந்த வடிவம் இல்லாமல் பேசுவது எவ்வளவு கஷ்டம் என்று ஒருமுறை முயன்று பாருங்கள். என் தேர்வை நிலைநிறுத்தியது இந்த ‘வாஸ் கோயிங் டு’தான்.

சரி, ‘கோயிங் டு’வுக்குச் செலவே இல்லையா என்றால், இருக்கிறது. ‘ஆம்’, ‘இஸ்’, ‘ஆர்’ ஆளுக்குத் தகுந்தாற்போல் மாற வேண்டும். அவசரத்தில் அது விழுந்து ‘ஐ கோயிங் டு’ என்று ஆகிவிடுகிறது. ‘வில்’லுக்கு அந்தத் தொல்லை இல்லை, யார் வந்தாலும் ஒரே சொல். ‘ஐ ஆம் கோயிங் டு த லைப்ரரி’ என்ற நிஜமான போதலோடும் இது உருவத்தில் ஒன்றாக இருக்கிறது. ‘டு’வுக்குப் பின்னால் இடம் வந்தால் பயணம், வினை வந்தால் எதிர்காலம். வேகப் பேச்சில் ‘கன்னா’ என்று சுருங்குவது வினை வரும்போது மட்டும்தான். இடத்தோடு சேர்த்து யாரும் ‘கன்னா’ சொல்வதில்லை. அந்தச் சுருக்கத்தைப் பேச்சோடு விட்டுவிடுங்கள், அலுவலக மின்னஞ்சலில் எழுதாதீர்கள்.

‘வில்’ கண்ணை மூடிக்கொண்டு ஜெயிக்கும் இடங்கள் இருக்கின்றன. தொலைபேசி அடிக்கிறது, நீங்கள் எழுகிறீர்கள்: ‘ஐல் கெட் இட்’ என்று ‘வில்’லைச் சுருக்கிச் சொல்ல வேண்டும். அங்கே ‘ஐ ஆம் கோயிங் டு கெட் இட்’ என்றால் காலையிலிருந்தே திட்டம் போட்டு உட்கார்ந்திருந்ததுபோல விநோதமாக இருக்கும். ஒருவர் கனமான பெட்டியைத் தூக்கத் தடுமாறும்போது உதவிக்குப் போவதும் ‘ஐல் ஹெல்ப் யூ’தான். வாக்குக் கொடுப்பதும் அதே. ‘இஃப்’ என்று ஒரு நிபந்தனை வந்து, அதன் விளைவைச் சொல்லும் பாதியிலும் ‘வில்’தான் வழக்கமாக வரும். இந்த இடங்களில் ‘கோயிங் டு’வை இழுத்துக்கொண்டு வரக் கூடாது. ஆனால் உச்சரிப்பில் ஒன்று கவனிக்க வேண்டும். நாம் ‘ஐ வில்’ என்று இரண்டையும் முழுசாக, அழுத்தமாகச் சொல்கிறோம். பேச்சு ஆங்கிலத்தில் அது பெரும்பாலும் ‘ஐல்’ என்று ஒட்டிப்போகும். முழு ‘ஐ வில்’ அழுத்தத்தோடு வந்தால், ஏதோ யாரோ மறுத்துப் பேசி நாம் உறுதியாகப் பதில் சொல்வதுபோலத் தொனிக்கும்.

எழுத்தில் என் தேர்வு தலைகீழ். அறிவிப்பு, அறிக்கை, தேர்வுக் கட்டுரை எதுவானாலும் ‘வில்’ போதும்: ‘த ஆஃபீஸ் வில் பி க்ளோஸ்ட் ஆன் மண்டே.’ ‘கோயிங் டு’ அடிப்படையில் பேச்சுக்குச் சொந்தமானது, கல்வித்துறை எழுத்தில் அது அரிது. நான் அதிகம் எழுதுவது மின்னஞ்சலும் சின்ன அறிக்கைகளும்தான், ஆய்வுக்கட்டுரை எழுதுபவர்கள் தங்கள் துறையின் கட்டுரைகள் நாலைப் பார்த்து முடிவெடுப்பது நல்லது.

மூன்றாவது போட்டியாளர் ‘ஐ ஆம் மீட்டிங்’. இதை நான் இரண்டாவது இடத்தில் வைப்பேன். ‘ஐ ஆம் கோயிங் டு மீட் ஹர்’ என்றால் பார்க்க வேண்டும் என்று நான் முடிவெடுத்திருக்கிறேன், அவருக்கு அது தெரியாமலேகூட இருக்கலாம். ‘ஐ ஆம் மீட்டிங் ஹர் அட் ஃபோர்’ என்றால் இருவரும் பேசி நேரம் குறித்தாயிற்று. நாள்காட்டியில் ஏறிய எதற்கும் இதுவே இயல்பு. ஆனால் இதை எல்லாவற்றுக்கும் வைத்துக்கொள்ள முடியாது. மனிதர்கள் ஏற்பாடு செய்யும் விஷயங்களுக்குத்தான் இது செல்லும். மழையோடு யாரும் ஏற்பாடு செய்துகொள்ள முடியாததால் ‘இட் இஸ் ரெயினிங் டுமாரோ’ எடுபடாது. எப்போது என்று ஒரு சொல்லோ சூழலோ காட்டிக்கொடுக்காவிட்டால் இப்போதே நடப்பதாகவும் ஆகிவிடும்.

நாலாவது, ‘த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்’. கால அட்டவணை, வகுப்பு தொடங்கும் நேரம், படம் ஆரம்பிக்கும் நேரம் ஆகியவற்றுக்கு. தமிழிலும் ‘ரயில் ஆறு மணிக்குக் கிளம்புது’ என்று நிகழ்காலத்தில்தான் சொல்கிறோம், அதனால் இதில் சொல்ல அதிகமில்லை.

கடைசியாக, ‘வில்’லும் ‘கோயிங் டு’வும் இரண்டுமே வெளியே நிற்க வேண்டிய ஒரு இடம் இருக்கிறது. ‘நீ வரும்போது கூப்பிடு’ என்பதை நம்மில் பலர் ‘கால் மீ வென் யூ வில் கம்’ என்று சொல்வதற்குக் காரணம், ‘வரும்’ என்பதிலேயே நம் எதிர்காலம் உட்கார்ந்திருப்பது. ஆங்கிலத்தில் அந்த இடத்தில் வெறும் ‘வென் யூ கம்’தான், ‘ஆஃப்டர்’, ‘பிஃபோர்’, ‘அன்டில்’, ‘அஸ் சூன் அஸ்’ எல்லாவற்றுக்கும் இதே கதை. ஆனால் ‘ஐ டோன்ட் நோ வென் ஹி வில் கம்’ சரி, ஏனென்றால் அங்கே ‘வென்’ ஒரு கேள்வி. சந்தேகம் வந்தால் மனதுக்குள் தமிழில் சொல்லிப் பாருங்கள்: ‘எப்போது வருவான்’ என்று வந்தால் ‘வில்’ இருக்கலாம், ‘வரும்போது’ என்று வந்தால் எடுத்துவிடுங்கள்.