ரோட்டில கைவிட்ட வாகனத்தை எடுத்துத் தாறம் எண்டு காசு கேட்டால் குடுக்காதேங்கோ: 18,500 ரூபா போச்சு

கிளிநொச்சியில் ஒரு ஒழுங்கை முகப்பில் மாதக்கணக்காக நின்ற டொல்பின் வானை (ரொயோட்டா ஹையேஸ்) அகற்றித் தருவதாகச் சொன்னவர்களிடம் 18,500 ரூபா கொடுத்து ஏமாந்தாயிற்று. வான் இன்னும் அங்கேதான் நிற்கிறது, முந்தியதைவிட மோசமாக. சூடு ஆறமுதல் எழுதுகிறேன், எழுத்துப்பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கோ.

காசு வாங்கின கடையின் பெயர் போடவில்லை. போட்டோக்கொப்பி, படிவம் நிரப்புதல், வாகன வரிப்பத்திரம் புதுப்பித்தல் எல்லாம் செய்துதரும் கடை என்று மட்டும் வைத்துக்கொள்ளுங்கோ. இப்படியான கடைகள் எல்லாமே கள்ளமில்லை. அதுதான் நம்ப வைத்தது.

நம்பிக்கை வந்தது கொம்பியூட்டர் திரையைத் திருப்பிக் காட்டினபோது. வாகன இலக்கத்தை அடித்தார், மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் பக்கத்தில் வானின் விபரம் வந்து விழுந்தது. "பாருங்கோ அண்ணை, எல்லாம் கிடக்கு. பிரதேச சபைக்குள்ள எங்கட ஆள் நிக்கிறார், ரெண்டு கிழமையில தூக்கிடுவம். நீங்கள் ஒண்டுக்கும் யோசியாதேங்கோ." இலக்கம் தெரிந்த எவரும் பார்க்கக்கூடிய விபரம் அது. அதைக் காட்டுவதற்கு உள்ளுக்குள் ஆள் தேவையில்லை.

கடிதச் செலவு 3,500, பொலிஸ் கிளியரன்ஸ் 5,000, கிரேனுக்கு முற்பணம் 10,000. மொத்தம் 18,500. தந்தது புத்தகக்கடையில் விற்கும் காபன் பில். மேலே எந்தப் பெயரும் இல்லை. கீழே ஊதா மையில் ஒரு வட்ட முத்திரை, நடு எழுத்து வாசிக்க முடியாதபடி இழுபட்டிருந்தது. அது தற்செயலாக இழுபட்டதில்லை என்று இப்பதான் விளங்குது.

பிறகு தொடங்கினது சாட்டு. "சேர் லீவு." "கிரேன் வவுனியாவில நிக்குது அண்ணை." "மழை விடட்டும், சில்லுப் புதையும்." ஐந்தாம் கிழமை ஒரு கன்டர் லொறி வந்தது. இரண்டு பெடியள் இறங்கி பற்றரி, றேடியேற்றர், ஒல்ரனேற்றர், நாலு சில்லு எல்லாம் கழட்டி ஏற்றினார்கள். "பாரத்தைக் குறைக்கிறம், நாளைக்கு வானின்ர பொடியைத் தூக்குவம்" என்றார்கள். நாளை வரவேயில்லை. இப்ப வான் நாலு கல்லில் இருக்கிறது. சில்லு இருந்தால் கயிறு கட்டி உழவு மெசினால் இழுத்து ஒதுக்கியிருக்கலாம், இனிக் கிரேன் இல்லாமல் அசையாது. கடைக்காரர் கடைசியாகச் சொன்னது: "அதுக்கும் எங்களுக்கும் சம்பந்தமில்லை." அதோடு போனும் எடுப்பதில்லை.

சபைக்குப் போய் உள்வரவுப் பதிவேட்டைப் பார்க்கச் சொன்னால், அந்தத் திகதிக்கு முன்னும் பின்னும் அப்படி ஒரு கடிதமே பதிவாகவில்லை. 3,500 ரூபாய்க் கடிதம் எழுதப்படவேயில்லை. பொலிஸில் கேட்ட முதல் கேள்வி இன்னும் எரிச்சல்: "சாமான் கழட்ட ஆர் அனுமதி குடுத்தது?" வாகனம் கைவிடப்பட்டது போலத் தெரிந்தாலும் அது இன்னொருவரின் சொத்து. காசு கொடுத்துக் கழட்ட விட்டால் களவுக்குக் கூட நின்றதாகத்தான் கணக்கு.

உண்மையான வழி இது. ரோட்டில் நிற்கும் வாகனத்தைப் பற்றி முறையிட ஒரு சதமும் கட்டத் தேவையில்லை. முதலில் வீதி யாருடையது என்று பாருங்கோ. ஏ9 என்றால் வீதி அபிவிருத்தி அதிகார சபை, மாகாண வீதி என்றால் மாகாண வீதி அபிவிருத்தித் திணைக்களம், உள் ஒழுங்கை என்றால் பிரதேச சபை. கிளிநொச்சி நகரம் கரைச்சிப் பிரதேச சபைக்குள் வருகிறது. தவறான இடத்துக்குக் கொடுத்தால் கடிதம் மேசைக்கு மேசை அலையும். தனியார் காணிக்குள் நின்றால் கதையே வேறு.

கடிதத்தில் இலக்கம், நிறம், எத்தனை நாளாக நிற்கிறது, பக்கத்து மதகு அல்லது மின்கம்பம், நாலு பக்கப் படம் இருக்கவேணும். இலக்கத்தகடு கழட்டியிருந்தால், சட்டகத்தில் பொறித்த சேசிஸ் இலக்கம்தான் உயிர். டொல்பின் என்றால் எல்எச்113 மாதிரி மொடல் எழுத்தோடு தொடங்கும். துருவைக் கம்பித் தூரிகையால் மெல்லத் தேய்த்துப் படம் எடுங்கோ. அரத்தால் அராவின அடையாளம் தெரிந்தால் கை வைக்காமல் பொலிஸுக்குச் சொல்லுங்கோ. பொலிஸ் பொறுப்பதிகாரிக்கும் கிராம அலுவலருக்கும் பிரதி அனுப்பவேணும். உங்கட பிரதியில் திகதி முத்திரை வாங்காமல் கவுண்டரை விட்டு வராதேங்கோ.

இழுபடுவது எங்கே என்றால் உரிமையாளரைத் தேடுவதில். எங்கட பக்கம் பாதி வாகனம் ஓப்பின் பேப்பரில்தான், அதாவது புத்தகத்தில் பெயர் மாற்றாமல்தான், கைமாறுகிறது. பதிவுப் புத்தகத்தில் உள்ளவர் எத்தனையோ வருசத்துக்கு முதல் விற்றவராக இருப்பார். அல்லது லீசிங் கொம்பனியின் உரிமை அதில் கிடக்கும். ஆளுக்கு அறிவித்தல் போகாமல் சபை தூக்கப் பயப்படும். இரண்டு கிழமையில் முடியும் என்று எவராவது சொன்னால் அவருக்கு இந்த வேலை தெரியாது, அல்லது நல்லாத் தெரியும்.

மாரி காலத்தில் இன்னொரு பிடி உண்டு. கழற்றிப் போட்ட ரயருக்குள்ளும் தரையிலும் தண்ணி தேங்கினால் பிஎச்ஐக்கு (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) அறிவியுங்கோ. நுளம்பு பெருகும் இடங்களுக்கு எதிராக 2007 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அவர் வந்து பார்த்து எழுதினால் சபையின் கோப்பு கொஞ்சம் வேகமாக நகரும். பதிலே வராவிட்டால் 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் உரிமைச் சட்டத்தின் கீழ் "என் கடிதத்துக்கு என்ன நடவடிக்கை" என்று கேளுங்கோ. 14 வேலை நாளுக்குள் தகவல் தருவதா இல்லையா என்று தீர்மானிக்கவேணும்.

இன்னும் நிறைய எழுத இருந்தது, நேரமில்லை. சபையின் சிறாப்பரிடம் (காசாளர்) கட்டாத காசு சபைக்குப் போகாது. சபையின் பெயரும் தொடர் இலக்கமும் அச்சடித்த பற்றுச்சீட்டு இல்லாவிட்டால் காசு குடுக்காதேங்கோ. கழட்ட வருபவரிடம் எழுத்தில் அனுமதி கேளுங்கோ. பற்றைக்குள் கிடக்கும் யுத்தகால வாகனத்தின் கிட்டவே போகாதேங்கோ, வெடிபொருள் இருக்கலாம், 119க்கு எடுங்கோ.

18,500 ரூபா. பில் இன்னும் கையில் இருக்கு. நாளைக்குத் திரும்பப் பொலிஸுக்குப் போறன்.