சியோலிலிருந்து டிஎம்இசட் டூர்: போகலாம், ஆனால் கைடைப் பார்த்துப் பதிவு செய்யுங்கள்

போன செப்டம்பரில் அப்பாவும் அம்மாவும் ஊரிலிருந்து தென்கொரியாவில் நான் இருக்கும் சுவோனுக்கு வந்திருந்தார்கள். கொரியாவில் எங்கே போகலாம் என்று கேட்டதற்கு அம்மா கோயில் என்றார், அப்பா யோசிக்காமல் "பார்டர்" என்றார். பேப்பரில் சர்வதேசப் பக்கத்தை ஒரு வரி விடாமல் படிக்கிற மனிதர். சரி என்று சியோலிலிருந்து கிளம்பும் அரைநாள் டிஎம்இசட் (இரண்டு கொரியாக்களுக்கும் நடுவே இருக்கும் ராணுவமற்ற எல்லைப் பகுதி) டூர் ஒன்றை மூன்று பேருக்கும் ஆன்லைனில் பதிவு செய்தேன். ஏஜென்சியின் பெயரைப் போடப் போவதில்லை. இதே பாதையில் பஸ் விடுகிறவர்கள் நிறைய பேர் இருப்பதால், பெயரைவிட எதைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பதுதான் உங்களுக்கு உதவும்.

காலை ஏழு மணிக்கு ஹோங்டே பக்கம் ஒரு மெட்ரோ வாசலில் ஏற்றிக்கொண்டார்கள். பாஸ்போர்ட் கண்டிப்பாகக் கையில் இருக்க வேண்டும், நகல் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். சியோலை விட்டு வெளியே வந்ததும் ஆற்றங்கரை முழுக்க முள்வேலியும் காவல் கூண்டுகளும் கூடவே வருகின்றன. எல்லை ஐம்பது கிலோமீட்டர் சொச்சம்தான், சென்னையிலிருந்து மாமல்லபுரம் போகிற தூரம். இத்தனை பெரிய தலைநகரம் இவ்வளவு பக்கத்தில் எதிரியை வைத்துக்கொண்டு தினமும் ஆபீஸ் போய் வருகிறது என்பதை மூன்று வருடம் இங்கே வேலை செய்தும் அன்றைக்குத்தான் உணர்ந்தேன்.

முதல் நிறுத்தம் இம்ஜின்காக். 1950-53 கொரியப் போரில் சிக்கி நின்றுபோன ரயில் எஞ்சின் ஒன்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட குண்டு ஓட்டைகளோடு துருப்பிடித்து நிற்கிறது. 1953இல் போர்க்கைதிகள் நடந்து வந்த பாலம் அங்கேயே இருக்கிறது. ஆனால் அம்மாவைப் பிடித்து நிறுத்தியது அதெல்லாம் இல்லை, மங்பேதன் என்ற பலிபீடம். வடக்கில் பிறந்து போரில் தெற்கே வந்து மாட்டிக்கொண்டவர்கள் சூசோக் பண்டிகையிலும் புத்தாண்டிலும் இங்கே வந்து வடக்குப் பார்த்து முன்னோர்களை வணங்குவார்கள் என்று கைடு சொன்னார். "திதி கொடுக்கக்கூட ஊருக்குப் போக முடியாதா?" என்று அம்மா கேட்டார். முடியாது. பிரிந்த உறவினரைப் பார்க்க வேண்டும் என்று தெற்கில் பதிவு செய்தவர்கள் 1,30,000 பேருக்கு மேல், அதில் பெரும்பாலோர் பார்க்காமலே இறந்துவிட்டார்கள். கடைசியாக இரண்டு அரசுகளும் சேர்ந்து சந்திப்பு ஏற்பாடு செய்தது 2018 ஆகஸ்டில். அம்மா அங்கே கொஞ்ச நேரம் கைகூப்பி நின்றார், பஸ்ஸில் இருந்தவர்கள் காத்திருந்தார்கள்.

அப்புறம் ராணுவச் சோதனைச் சாவடி. இளம் சிப்பாய் ஒருவர் பஸ்ஸில் ஏறி பாஸ்போர்ட்டையும் முகத்தையும் ஒப்பிட்டுப் பார்த்தார்.

மூன்றாவது சுரங்கத்தைப் பற்றி, வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்கள் கவனமாகப் படியுங்கள். தெற்கே படை அனுப்ப வடகொரியா தோண்டியது என்று தென்கொரியா சொல்லும் சுரங்கங்கள் நான்கு. இது 1978இல் கண்டுபிடிக்கப்பட்டது. தரைக்கு 73 மீட்டர் கீழே, உயரமும் அகலமும் இரண்டு மீட்டர்தான். நிலக்கரிச் சுரங்கம் என்று வடக்கு சொன்னதாம், ஆனால் சுவரெல்லாம் கருங்கல், மேலே கரிப்பூச்சு மட்டும். இறங்க 350 மீட்டருக்கு மேல் செங்குத்தான சாய்வுப் பாதை. இறங்குவது சுலபம், ஏறும்போது அப்பா நான்கு இடத்தில் உட்கார்ந்தார். மூட்டுவலி, இதயப் பிரச்சினை இருந்தால் விட்டுவிடுங்கள், உள்ளே குனிந்து நடந்து ஒரு கான்கிரீட் சுவரைப் பார்த்துவிட்டுத் திரும்புவதுதான், போன் கொண்டுபோகவும் விடுவதில்லை.

பணம் கொடுத்ததற்கு ஈடான இடம் தோரா கண்காணிப்பு மேடை. நாங்கள் போன அன்று வானம் தெளிவாக இருந்தது. தொலைநோக்கியில் வடக்கின் கிஜோங்தோங் கிராமமும் அதன் 160 மீட்டர் கொடிக்கம்பமும் தெரிந்தன. எண்பதுகளில் தெற்கு தன் தேசோங்தோங் கிராமத்தில் ஏறக்குறைய நூறு மீட்டருக்குக் கம்பம் நட, வடக்கு அதைவிட உயரமாக நட்டது. இன்னும் தள்ளி வடக்கின் கேசோங் நகரம். அங்கேதான் தெற்கின் நூற்றுச் சொச்சம் கம்பெனிகளும் வடக்கின் ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்களும் சேர்ந்து வேலை செய்த தொழிற்பேட்டை இருந்தது. 2016 பிப்ரவரியில் அன்றைய தென்கொரிய அதிபர் பார்க் கியுன் ஹேயின் அரசு அதை மூடியது. 2018இல் அடுத்த அதிபர் மூன் ஜே இன் காலத்தில் அங்கேயே இரு நாடுகளுக்கும் பொதுவான தொடர்பு அலுவலகம் திறந்தார்கள், 2020 ஜூனில் வடக்கு அதை வெடிவைத்துத் தகர்த்தது.

எங்கள் கைடு ஐம்பது வயதுக்கு மேற்பட்ட ஒரு பெண்மணி. மற்ற குழுக்களின் கைடுகள் வடக்கைக் காட்டி "அதோ பாருங்கள், ஆளில்லாத கிராமம்" என்று சொல்லிவிட்டு நகர்ந்தார்கள். இவர் மட்டும் எங்களைத் திருப்பி நிறுத்தி, சியோல் இருக்கும் திசையைக் காட்டினார். இந்த மலையில் நடப்பதில் பாதியை அங்கே போடும் ஓட்டுதான் தீர்மானிக்கிறது என்றார். தென்கொரிய அதிபருக்கு ஐந்து வருடம், ஒரே ஒரு முறை. கட்சி மாறினால் வடக்கு பற்றிய கொள்கையும் மாறும். கிம் டே ஜங் பேச்சுவார்த்தை என்றார், 2000இல் வடக்கின் தலைநகர் பியோங்யாங் போனார். 2008க்குப் பிறகு வந்தவர்கள் கதவை மூடினார்கள். மூன் மறுபடி திறந்தார், 2018இல் வடக்கை நோக்கிப் பிரச்சாரம் ஒலிபரப்பிய எல்லை ஒலிபெருக்கிகளைக் கழற்றினார்கள். 2024இல் வடக்கு குப்பை கட்டிய பலூன்களை அனுப்ப, யூன் சுக் யோல் அரசு ஒலிபெருக்கிகளைத் திரும்பப் பொருத்தியது. வடக்கும் பதிலுக்கு ராத்திரியில் ஓநாய் ஊளை, இரும்பைச் சுரண்டுகிற சத்தம் என்று ஒலிபரப்பியது. 2024 கடைசியில் இங்கே வந்த என் சக ஊழியர் அந்தச் சத்தத்தைக் கேட்டிருக்கிறார், அரைமணி நேரம் நிற்க முடியவில்லை என்றார். இந்தப் பக்கத்துக் கிராமத்து மக்கள் அதோடு தினமும் தூங்கி எழுந்தார்கள். 2025 ஜூனில் லீ ஜே மியுங் பதவிக்கு வந்தார், ஒரே வாரத்தில் தெற்கின் ஒலிபெருக்கி நின்றது, மறுநாளே வடக்கின் சத்தமும் நின்றது. ஆகஸ்டில் கருவிகளையே கழற்றிவிட்டார்கள். நாங்கள் நின்றபோது காற்றுச் சத்தம் மட்டும்தான்.

இவர் சொல்வதை நான் தமிழில் சொல்லச் சொல்ல, அப்பா என் காதில் மெதுவாக, "இந்த அம்மா எந்தக் கட்சி?" என்று கேட்டார். கேட்கக் கூச்சமாக இருந்தாலும் கேட்டேன். அவர் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. தன் வீட்டிலேயே அண்ணன் ஒரு பக்கம், தான் ஒரு பக்கம், பண்டிகைக்குச் சேர்ந்து சாப்பிடும்போது இந்தப் பேச்சை எடுப்பதில்லை என்றார். அதற்குப் பிறகு தன் கட்சிக்கு ஆகாத விஷயங்களையும் சொன்னது அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துவிட்டது. பேச்சுவார்த்தை நடத்திய காலத்திலும் வடக்கு அணுகுண்டு வேலையை நிறுத்தவில்லை. 2023 கடைசியில் கிம் ஜோங் உன் இனி இணைப்பு என்ற பேச்சே இல்லை, இவை இரண்டு பகை நாடுகள் என்று அறிவித்துவிட்டார். 2024 அக்டோபரில் இந்த மேடைக்கு வடக்கே இருக்கும் இணைப்புச் சாலையை வெடிவைத்துப் பெயர்த்தார்கள்.

மறுபக்கத்தையும் விடவில்லை. 2024 டிசம்பர் 3 ராத்திரி யூன் ராணுவச் சட்டம் அறிவித்தபோது, எதிர்க்கட்சிகளை வடக்குக்கு ஆதரவான சக்திகள் என்று சொல்லித்தான் அறிவித்தார். நாடாளுமன்ற உறுப்பினர்கள் ராத்திரியோடு ராத்திரியாகக் கூடி அதை நிராகரித்தார்கள், 2025 ஏப்ரல் 4இல் அரசியலமைப்பு நீதிமன்றம் அவரைப் பதவிநீக்கியது. ராணுவச் சட்டத்துக்கு இரண்டு மாதம் முன்பு, 2024 அக்டோபரில், பியோங்யாங் மேல் டிரோன் பறந்ததாக வடக்கு குற்றம்சாட்டியது. வடக்கைச் சீண்டி, அதைக் காரணம் காட்டி ராணுவச் சட்டம் கொண்டுவரவே அனுப்பினார்களா என்று சிறப்பு விசாரணைக் குழு இப்போது துருவுகிறது என்றார். வெளியே பகை இருக்கிற நாட்டில் உள்ளே இருக்கிற எதிர்க்கட்சிக்காரனை எதிரியின் ஆள் என்று சொல்வது எவ்வளவு சுலபம் என்று அப்பாவுக்கு நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதற்கு மேல் அவர் பேசியிருப்பார். ஆனால் தோராவில் எங்களுக்குக் கொடுத்த நேரம் மொத்தமே இருபத்தைந்து நிமிடம். மிச்சக் கதையைப் பஸ்ஸில்தான் கேட்டோம், அதுவும் பாதியில் நின்றது. ஏனென்றால் திரும்பும் வழியில் ஒரு ஜின்செங் மூலிகைக் கடையில் முக்கால் மணி நேரம் இறக்கிவிட்டார்கள். கதவை மூடி, நாற்காலியில் உட்காரவைத்து, வேரின் மகிமையைச் சொல்லி, சின்னக் கோப்பையில் சாறு கொடுத்து, வாங்காதவர்களைக் கொஞ்சம் முகம் சுளித்துப் பார்த்தார்கள். பதிவு செய்யும் பக்கத்தில் "ஜின்செங் மையம்" என்று கடைசியில் சின்ன எழுத்தில் போட்டிருந்தது உண்மைதான், நான் கவனிக்கவில்லை. ஆனாலும் இவ்வளவு தூரம் வந்தவர்களை எல்லை மேட்டில் அவசரப்படுத்திவிட்டுக் கடையில் நிதானமாக உட்காரவைப்பது எனக்குக் கோபத்தைத்தான் கொடுத்தது. பல பேக்கேஜ்களில் இது இருக்கிறது. "ஷாப்பிங் இல்லை" என்று தெளிவாகப் போட்டிருப்பதற்குக் கொஞ்சம் கூடுதலாகக் கொடுத்தாலும் பரவாயில்லை. ஏதாவது வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால் பாஜுவின் ஜாங்தான் சோயா மொச்சை வாங்குங்கள், எல்லையோரத்தில் விளைவது, அம்மா அதைச் சுண்டல் செய்தார், நன்றாக வெந்தது.

ஏஜென்சியே வேண்டாம் என்றால், நீங்களாகவே முன்சான் வரை மெட்ரோவில் போய், அங்கிருந்து இம்ஜின்காக் போய், பாஸ்போர்ட் காட்டி அங்கே கிளம்பும் சுற்றுப் பஸ்ஸுக்கு டிக்கெட் வாங்கலாம். முதலில் வந்தவர்களுக்கு முதலில், அதனால் விடிகாலையிலேயே போய்விடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. செலவு குறையும், கடை கிடையாது, ஆனால் பேசுவதற்கு அந்த அம்மா மாதிரி ஒருவர் இருக்க மாட்டார். எங்கள் டூருக்கு நான் ஐந்துக்கு மூன்றுதான் கொடுப்பேன், அந்த மூன்றும் அவருக்கு.

நவம்பரில் அப்பா ஊரிலிருந்து போன் செய்தார். டிரோன் விவகாரத்தில் யூன் மீது வழக்குப் பதிவான செய்தியைப் பேப்பரில் படித்திருக்கிறார். "அந்த அம்மா சொன்னாரே, அதுதானே இது?" என்று கேட்டுவிட்டு, அடுத்த வருடம் அவருடைய நண்பர் கொரியா வரும்போது டூர் பதிவு செய்து கொடுக்கச் சொன்னார். "அதே கைடு வருவாரா என்று கேட்டுவிட்டுப் பணம் கட்டு."