டர்போ வண்டியும் வெயிலும்: 4 வருடம் ஓட்டிய பிறகு

காலை 6 மணிக்கு நான் ஓட்டுகிற வண்டியும் மதியம் 2 மணிக்கு ஓட்டுகிற வண்டியும் வேறு வேறோ என்று முதல் கோடையிலேயே சந்தேகம் வந்துவிட்டது. 1.0 லிட்டர், மூன்று சிலிண்டர், டர்போ பெட்ரோல். டர்போ என்றால் வேகமாகச் சுற்றி, காற்றை அமுக்கி எஞ்சினுக்குள் திணிக்கும் கருவி. இதுவரை 62,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. காலையில் மிதித்ததும் பாய்கிறது. மதியம் ஏசி போட்டுக்கொண்டு கிளம்பினால் ஏதோ சாமான் ஏற்றிய மாதிரி அசைந்து போகிறது.

காற்று சூடானால் அடர்த்தி குறையும் என்பது தெரிந்ததுதான். 10 டிகிரியில் இருப்பதைவிட 40 டிகிரியில் அதே இடத்துக்குள் கிட்டத்தட்ட 10 சதவீதம் குறைவான காற்றே இருக்கும். காற்று குறைந்தால் எஞ்சினின் பலமும் குறையும். டர்போதான் இருக்கிறதே, இன்னும் கொஞ்சம் வேகமாகச் சுற்றி ஈடுகட்டிவிடாதா என்று நினைத்தேன். ஓரளவு ஈடுகட்டவும் செய்யும். ஆனால் காற்றை அமுக்கினாலே சூடாகும்; சைக்கிளுக்குக் காற்றடித்த கையோடு பம்பைத் தொட்டுப் பார்த்தவர்களுக்குத் தெரியும். 20 டிகிரி காற்றை இரண்டு மடங்கு அழுத்தத்துக்குக் கொண்டுபோனால் டர்போவை விட்டு வரும்போது 100 டிகிரியைத் தாண்டிவிடும். உள்ளே போவதே 40 என்றால் 130-க்கு மேலும் போகலாம். அதை ஆற்றத்தான் இன்டர்கூலர். அது எவ்வளவு நன்றாக வேலை செய்தாலும் வெளிக்காற்றைவிடக் குளிராக்கிவிட முடியாது.

ஆறாத காற்று சிலிண்டருக்குள் போனால் நாக்கிங் வரும், அதாவது பெட்ரோல் கலவை கட்டுப்பாடில்லாமல் தானாகவே வெடித்து எரியும். அதற்கு இடம் கொடுக்காமல் இசியு, அதாவது எஞ்சினை நடத்தும் கம்ப்யூட்டர், ஸ்பார்க்கைத் தாமதப்படுத்துகிறது, தேவைப்பட்டால் பூஸ்டையும் (டர்போ தரும் கூடுதல் அழுத்தத்தையும்) குறைக்கிறது. எஞ்சின் பிழைத்துக்கொள்ளும், பிக்கப் போய்விடும்.

இரண்டாம் வருடம், வண்டியின் சென்சார் அளவுகளைப் படித்துக் காட்டும் ஒரு ஓபிடி கருவி வாங்கி மாட்டினேன். என் வண்டியில் காற்றின் வெப்பத்தை அளக்கும் சென்சார் இன்டர்கூலருக்கு அடுத்து இருக்கிறது. வெளியே 38 டிகிரி, நெடுஞ்சாலையில் 90 கிலோமீட்டர் வேகம்: 47 காட்டியது. பரவாயில்லை. இன்னொரு நாள் சாயங்காலம், வெளியே 31 தான். ஏசியோடு இருபது நிமிடம் நெரிசலில் ஊர்ந்து சிக்னலுக்கு வந்து நின்றபோது 68. பச்சை விழுந்ததும் மேம்பாலம் ஏற வேண்டும். வழக்கமாக மூன்றாவது கியரில் ஏறுகிற இடம். பாதியில் திணறி இரண்டாவதுக்கு மாற்றினேன், பின்னால் வந்தவர் ஹாரன் அடித்தார். பாலம் இறங்கிக் காற்று வாங்கி மூன்று நிமிடம் ஓடிய பிறகுதான் 50-க்கு வந்தது. வெயிலைவிட நிற்பதுதான் என் வண்டிக்கு எதிரி. இன்டர்கூலருக்கு முன்னால் ஏசி கண்டென்சர் வேறு உட்கார்ந்து அனலை அதன் முகத்திலேயே ஊதுகிறது. போதாததற்கு ஏசி கம்ப்ரஸரும் எஞ்சினிடமிருந்து தன் பங்கை எடுத்துக்கொள்கிறது.

எல்லாப் பழியையும் வெயில் மேல் போட்டு ஒரு முறை ஏமாந்தும் இருக்கிறேன். மூன்றாம் கோடையில் ஒரு மாதம் வண்டி சோம்பியது. சர்வீஸில் சொன்னால், "வெயில் காலத்துல டர்போ அப்படித்தாங்க." சரி என்று விட்டுவிட்டேன். அப்புறம் மழை வந்து ஊரே குளிர்ந்தது, வண்டி மட்டும் மாறவில்லை. பானெட்டைத் திறந்து பார்த்தால் இன்டர்கூலர் குழாயின் கிளாம்ப் தளர்ந்து, சுற்றிலும் எண்ணெய்ப் பிசுக்கில் தூசி ஒட்டியிருந்தது. மிதிக்கும்போது மெலிதாக ஒரு 'உஸ்' சத்தம் வந்ததை ஏசி காற்று என்றே நினைத்திருந்தேன்! ஸ்க்ரூடிரைவரால் நான்கு சுற்று, அவ்வளவுதான்.

குளிரில் எல்லாமே லாபம் என்றும் இல்லை. ஆயில் சூடாகும்வரை டர்போவை விரட்டக் கூடாது. நான் முதல் சில கிலோமீட்டர் 2,500 ஆர்பிஎம் தாண்டுவதில்லை. குட்டிக் குட்டிப் பயணமாக ஓட்டினால் மைலேஜும் அடி வாங்குகிறது, எஞ்சின் சூடாகும்வரை பெட்ரோல் கூடுதலாகப் போவதால்.

அதிக ஆக்டேன் பெட்ரோல் போட்டுப் பார்த்தேன். குளிர்ந்த காலையில் எனக்கு வித்தியாசமே தெரியவில்லை. மதிய ஏற்றத்தில் மட்டும் கொஞ்சம் தெரிந்தது. நாக்கிங்கைத் தாங்குவதற்குத்தானே அந்தப் பெட்ரோல். வருடம் முழுக்க அதையே போடுவது எனக்கு வீண். இப்போது கோடையில் மட்டும் போடுகிறேன். கூடவே, கோடை தொடங்குமுன் இன்டர்கூலர் இடுக்கில் அப்பியிருக்கும் பூச்சியையும் மண்ணையும் மெதுவாகத் தண்ணீர் விட்டுக் கழுவிவிடுகிறேன். பீய்ச்சி அடித்தால் அந்த மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஒரு ஓரத்தில் மடக்கியும் வைத்திருக்கிறேன்.