079903-இல் பூஜ்யம் எங்கே போச்சு? ஒரு சின்ன சர்வரில் மூன்று ஆர்பிசிகள்

சிங்கப்பூர் தேக்காவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கும் நண்பருக்கு, மதிய டெலிவரியைக் கவனிக்கும் சர்வர் ஒன்று எழுதினேன். ஆர்டரைப் பதி, ஓட்டுநரை ஒதுக்கு, விலாசத்தைச் சரிபார் என்று பத்துப் பன்னிரண்டு அழைப்புகள்தான். ஆர்பிசி என்றால் ஒரு கணினியிலிருந்து இன்னொரு கணினியில் இருக்கும் செயலைக் கூப்பிடும் முறை. அதில் எக்ஸ்எம்எல்-ஆர்பிசி, ஜேசன்-ஆர்பிசி, ஜிஆர்பிசி மூன்றையும் ஏற்றி ஓட்டிப் பார்த்தேன்.

எக்ஸ்எம்எல்-ஆர்பிசி 1998-இல் வந்தது. 'மதிப்பு ஏதும் இல்லை' என்பதைக் குறிக்கும் நல் (null) அதில் கிடையாது. முழு எண் 32 பிட்டோடு சரி. வேர்ட்பிரஸ் தளங்களில், பல அழைப்புகளை ஒன்றாகக் கட்டி அனுப்பும் சிஸ்டம்.மல்ட்டிகால் வழியாக ஒரே வேண்டுகோளில் நூற்றுக்கணக்கான கடவுச்சொற்களை முயன்று பார்க்கும் தாக்குதல்கள் நடந்தன. பிஹெச்பி நிரல்மொழியும் 8.0 பதிப்பில் எக்ஸ்எம்எல்-ஆர்பிசிக்கான நீட்சியைத் தன் மூலத்தொகுப்பிலிருந்து எடுத்துவிட்டது. பழைய அமைப்பு எதனோடாவது பேசியே தீரவேண்டும் என்றால் தொடுங்கள், இல்லையென்றால் வேண்டாம்.

ஜிஆர்பிசியை கூகள் 2015-இல் வெளியிட்டது. அடியில் ஓடுவது எச்டிடிபி/2, அதாவது வலைத்தொடர்பு நெறியான எச்டிடிபியின் இரண்டாம் பதிப்பு. இதை நிறுவும்போது எனக்கு ஒரு மாலை முழுக்கப் போனது, தப்பு என்னுடையதுதான். வேண்டுகோள்களை முன்னால் நின்று வாங்கிச் சர்வருக்குத் தள்ளும் என்ஜின்எக்ஸில், பழக்கதோஷத்தில் ப்ராக்சி_பாஸ் என்றே எழுதிவைத்திருந்தேன். அது இயல்பாகப் பின்னால் இருக்கும் சர்வரோடு எச்டிடிபி/1 மொழியில் பேசும். 502 பிழை, 502, மறுபடி 502. ஜிஆர்பிசி_பாஸ் என்று மாற்றியதும் (1.13.10 பதிப்பிலிருந்து இருக்கிறது) சரியானது. சோதிக்க ஜிஆர்பிசிகர்ல் என்ற கட்டளைக் கருவி உண்டு. ஆனால் சர்வரில், தன்னிடம் என்னென்ன அழைப்புகள் உண்டு என்று அதுவே சொல்லும் ரிஃப்ளெக்‌ஷனைத் திறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அழைப்புகளையும் தரவு வகைகளையும் எழுதிவைக்கும் ப்ரோட்டோ கோப்பைக் கையில் கொடுக்க வேண்டும். பிரௌசரிலிருந்து நேராகக் கூப்பிட முடியாது. ஜிஆர்பிசி-வெப் என்று இடையில் ஒருவரை வைக்க வேண்டும். இன்னொன்று: அழைப்புக்குக் காலக்கெடு நாமே போடாவிட்டால் அது பதிலுக்காகக் காத்துக்கொண்டே இருக்கும்.

ஜேசன்-ஆர்பிசி 2.0-க்கு இதெல்லாம் தேவையில்லை. ஒரு முகவரி, ஒரு போஸ்ட் வேண்டுகோள். வெறும் கர்ல் கட்டளை போதும், பதிலைக் கண்ணால் படிக்கலாம். இதிலும் வழுக்கினேன். வேண்டுகோளில் ஐடி (அதன் அடையாளம்) எழுத மறந்து அனுப்பினால் சர்வர் அதை அறிவிப்பு என்று எடுத்துக்கொண்டு பதிலே தராது. விதிமுறையே அப்படி. லாகில் ஆர்டர் பதிவாகியிருக்கிறது, திரையில் ஒன்றுமில்லை. நான் ஃபயர்வாலைக் குடைந்துகொண்டிருந்தேன்!

மூன்றுக்கும் பொதுவான ஒரு குழி உண்டு. அழைப்பு தோற்றாலும் எச்டிடிபி நிலை பெரும்பாலும் 200 (வெற்றி) என்றே வரும். ஜேசன்-ஆர்பிசியில் பிழை உடலுக்குள் இருக்கும்: மெத்தட் இல்லையென்றால் -32601, அளவுருக்கள் தவறென்றால் -32602. ஜிஆர்பிசியில் கடைசியில் வரும் ட்ரெய்லரில் இருக்கும். 200-ஐ மட்டும் பார்க்கும் கண்காணிப்புக் கருவி எல்லாம் நலம் என்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

என் முடிவைத் திருப்பியது அஞ்சல் குறியீடு. ஆன்சன் சாலை இன்டர்நேஷனல் பிளாசாவுக்கு 079903. ப்ரோட்டோ கோப்பில் அதை இன்ட்32 (முழு எண்) என்று எழுதித் தொலைத்திருந்தேன். ரசீதில் 79903 என்று அச்சானது. "அண்ணே, ஒரு நம்பர் குறையுதே" என்று ஓட்டுநர் போன் போட்டார். எக்ஸ்எம்எல்-ஆர்பிசியும் முழு எண்ணின் முன்பூஜ்யத்தைச் சத்தமில்லாமல் விழுங்கும். ஜேசனில் மேற்கோள் குறியில்லாமல் 079903 என்று தட்டினேன். உடனே -32700, படிக்கவே முடியவில்லை என்று முகத்தில் அடித்த மாதிரி பதில். அந்தக் கறார் எனக்குப் பிடித்திருந்தது. கிளையண்ட் முன்னாலேயே எண்ணாக மாற்றிவிட்டால் ஜேசனும் காப்பாற்றாது என்பது வேறு விஷயம். எதைப் போட்டாலும் அஞ்சல் குறியீடு சரமாகத்தான், அதாவது எழுத்துத் தொடராகத்தான், இருக்க வேண்டும்.

கடைக்கு ஜேசன்-ஆர்பிசி போட்டேன். ஓட்டுநர்கள் இருக்கும் இடத்தை விநாடிக்கு விநாடி அனுப்பும் காலம் வந்தால், அந்த ஒரு பகுதியை மட்டும் ஜிஆர்பிசிக்கு மாற்றுவேன். ஸ்ட்ரீமிங்கில் மற்ற இரண்டும் அதன் பக்கத்தில்கூட நிற்க முடியாது. அதுவரை சோதனைக் கோப்பின் முதல் வரியில் 079903 இருக்கிறது, மேற்கோள் குறிக்குள்.