கிரால் ஸ்பேஸில் எலியோடு ஆறு வருடம்

நார்த் கரோலினாவில், ராலேக்குப் பக்கத்தில் நாங்கள் 2018-ல் வாங்கிய வீடு கிரால் ஸ்பேஸ் வைத்துக் கட்டியது. நம் ஊர்க்காரர்களுக்காக ஒரு வரி: சுற்றிலும் செங்கல் சுவர் எழுப்பி, அதன்மேல் மரச் சட்டங்கள் போட்டு வீட்டுத் தரையை அமைத்திருப்பார்கள். மண்ணுக்கும் தரைக்கும் நடுவே இரண்டரை அடி இருட்டு. ஏசி குழாய், தண்ணீர்க் குழாய் எல்லாம் அங்கேதான் ஓடும். உள்ளே தவழ்ந்து போக வீட்டின் பின்பக்கம் ஒரு குட்டிக் கதவு. வாங்கும்போது சமையலறையை நாலு தடவை சுற்றிப் பார்த்தோம். அந்தக் கதவை ஒரு தடவைகூடத் திறக்கவில்லை.

முதல் நவம்பரிலேயே ராத்திரி காலடியில் சுரண்டல் சத்தம். பிறகு சிங்க் அடியில் சுண்டெலிப் புழுக்கை. கேளா ஒலி எழுப்பும் கருவி ஒன்றைப் பிளக்கில் செருகினேன். காசு தண்டம். இந்த மாதிரிக் கருவி விற்ற அறுபதுக்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அமெரிக்க வர்த்தக ஆணையமே 2001-ல் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பியிருக்கிறது என்பது வாங்கிய பிறகுதான் தெரிந்தது. அடுத்து விஷம் வைத்தேன். எலி செத்தது, ஆனால் மரச் சட்டங்களுக்கு நடுவே செருகியிருந்த கண்ணாடிப் பஞ்சுக்குள் போய்ச் செத்தது. இரண்டு வாரம் பெருங்காயம் தாளித்தும் அடங்காத வாடை. அப்புறம் பெஸ்ட் கன்ட்ரோல் ஒப்பந்தம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒருவர் வந்து விஷப்பெட்டியை நிரப்பிவிட்டுப் போவார். எலிகள் தின்றுகொண்டே இருந்தன, நான் கட்டிக்கொண்டே இருந்தேன்.

2020 பிப்ரவரியில் முகமூடி, கையுறை, முழங்கால் பட்டை சகிதம் நானே உள்ளே தவழ்ந்தேன். காய்ந்த புழுக்கையைப் பெருக்கவோ வேக்குவம் போடவோ கூடாது. எலிகள் பரப்பும் ஹன்டா வைரஸ் தூசியோடு மூச்சில் ஏறலாம். ஒரு பங்கு பிளீச்சுக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து தெளித்து, ஐந்து நிமிடம் ஊறவிட்டுத் துடைத்தெடுக்க வேண்டும்.

நடுவில் போனதும் டார்ச்சை அணைத்தேன். இதுவரை செய்ததிலேயே உருப்படியான காரியம் அதுதான். வெளிச்சம் கசிந்த இடமெல்லாம் ஓட்டை! ஏசியின் செம்புக் குழாய் சுவருக்குள் நுழையும் இடம், வலை கிழிந்த காற்றுத் துளை ஒன்று, எல்லாவற்றுக்கும் மேலாக அந்தக் குட்டிக் கதவின் அடியில் விரல் நுழையும் இடைவெளி. சுண்டெலிக்குக் கால் அங்குலம் போதும், பென்சில் போனால் அதுவும் போகும்.

அடைப்பதிலும் தப்புச் செய்தேன். ஃபோம் ஸ்ப்ரே அடித்தேன், ஒரே மாதத்தில் கடித்துத் துப்பியிருந்தது. இரும்பு நாரைத் திணித்தேன், அடுத்த வருடம் துருவாக உதிர்ந்தது. செம்பு நாரைத் திணித்து மேலே சீலன்ட் பூசியது மட்டும் இன்றுவரை நிற்கிறது. காற்றுத் துளைகளுக்குக் கால் அங்குலக் கண்ணுள்ள ஹார்டுவேர் கிளாத் (பெயரில்தான் துணி, கையைக் கிழிக்கும் இரும்பு வலை). கோழிவலை வேண்டாம், அதன் கண்ணில் சுண்டெலி தாராளமாகப் போய்வரும். கதவுதான் கடைசிவரை படுத்தியது. மரக்கதவு மழையில் ஊதி வெயிலில் சுருங்கும். ஒவ்வொரு முறையும் மூலையில் புது இடுக்கு. கீழே தகரப் பட்டி அடித்து ஓரத்தில் ரப்பர் ஒட்டிய பிறகுதான் அடங்கியது. ரப்பரை இதுவரை இரண்டு தடவை மாற்றியாயிற்று.

உள்ளே மாட்டிக்கொண்டவற்றுக்குப் பொறி. ஊரில் மசால்வடை வைப்போம், இங்கே வேர்க்கடலை வெண்ணெய். ஐந்து நாளில் ஏழு விழுந்தன. அதன்பின் சத்தம் இல்லை. எலியைத் தேடி வந்த கருஞ்சாரை ஒன்றின் சட்டை முன்பு கிடைத்தது. விஷமில்லாத பாம்புதான், அதுவும் அதற்குப்பின் வரவில்லை.

பூச்சி மட்டும் போகவில்லை. கூனல் முதுகும் நீண்ட காலுமாக, சத்தமே போடாத கேமல் கிரிக்கெட் (ஒருவகைச் சுவர்க்கோழி) பட்டாளம். அதற்குக் காரணம் ஈரம். கோடையின் புழுக்கக் காற்று துளை வழியாக உள்ளே வந்து, குளிர்ந்த ஏசி குழாயில் பட்டு, ஐஸ் தண்ணீர்ச் செம்பு வேர்ப்பதுபோல் சொட்டும். 2021-ல் மண்ணெங்கும் தடித்த பிளாஸ்டிக் விரித்து, காற்றுத் துளைகளை மூடி, ஈரம் உறிஞ்சும் டீஹியூமிடிஃபையர் வைத்தோம். ஜூலையில் 78 காட்டிய ஈரப்பத மீட்டர் இப்போது 55-ஐத் தாண்டுவதில்லை. கிரிக்கெட்டுகள் ஏறக்குறைய ஒழிந்தன. சுவரின் உச்சி வரை பிளாஸ்டிக் ஒட்டுகிறேன் என்றார் வேலைக்கு வந்தவர். நான் விடவில்லை. மேலே மூன்று அங்குலம் சும்மா விட்டால்தான் கரையான் ஏறும் மண்கோடு கண்ணில் படும். வீட்டைச் சூடாக்கும் கேஸ் ஃபர்னஸ் கிரால் ஸ்பேஸில் இருக்கிற வீடாக இருந்தால், துளைகளை மூடுமுன் விவரம் தெரிந்தவரிடம் காட்டிவிடுங்கள்.

குறை என்றால் அந்த டீஹியூமிடிஃபையர்தான். கரன்ட் பில்லை ஏற்றியதோடு மூன்றாவது வருடமே படுத்துவிட்டது. புதிதாக இன்னொன்று வாங்கினேன், வேறு வழியில்லை.

விஷப்பெட்டி ஒப்பந்தத்தை நிறுத்திவிட்டேன், கரையான் சோதனை மட்டும் தொடர்கிறது. வருடா வருடம் அக்டோபரில் ஒருமுறை தவழ்ந்து போய் டார்ச்சை அணைத்துப் பார்க்கிறேன். போன தடவை பொறியில் வைத்த வேர்க்கடலை வெண்ணெய் வைத்தபடி இருந்தது. எறும்புதான் மொய்த்திருந்தது.