வைசாக், அரக்கு போறவங்க கவனிங்க: போலி டூர் விளம்பரத்துல 18,600 ரூபாய் போச்சு

நேத்துதான் நகரி திரும்பினோம். இன்னும் மனசு ஆறல. தசரா லீவுக்கு வைசாக் (விசாகப்பட்டினம்) போகணும்னு இருக்கிறவங்க யாராவது இதைப் படிச்சுட்டுப் போகட்டும்.

அம்மாவுக்கு ரொம்ப நாள் ஆசை, அந்தக் கண்ணாடிக் கூரை விஸ்டாடோம் பெட்டியில உட்கார்ந்து அரக்கு மலைக்குப் போகணும்னு. கிரந்துல் போற ரயில்ல அந்தப் பெட்டி இருக்கு. மலையைக் குடைஞ்சு சுரங்கம் சுரங்கமாப் போற பாதை. போன்ல ஒரு டூர் விளம்பரம் வந்துச்சு. அஞ்சு பேருக்கு ருஷிகொண்டா கடற்கரைப் பக்கம் ரெண்டு ராத்திரி ரூம், விஸ்டாடோம் டிக்கெட், திரும்பி வர கார், வழியில போரா குகை, எல்லாம் சேர்த்து 18,600.

அதுல இருந்த நம்பருக்கு அடிச்சு தெலுங்குலதான் பேச ஆரம்பிச்சேன். நகரின்னு சொன்னதும் அந்தப் பையன் தமிழுக்கு மாறிட்டான். "அக்கா, நம்ம பெரியம்மா வீடு புத்தூர்லதான், எலும்புக் கட்டுப் போடுற ஊருக்குப் போற வழியில." பக்கத்து ஊர்ப் பையன்னு அந்த ஒரு பேச்சுலதான் விழுந்தேன். பாதி அட்வான்ஸ் தரேன்னு சொல்ல இருந்தவ, "விஸ்டாடோம் சீட்டு போயிடும்க்கா"ன்னதும் முழு 18,600-ஐயும் அனுப்பிட்டேன். பணம் அனுப்பறப்ப திரையில வேற யார் பேரோ வந்துச்சு. கேட்டேன். "எங்க அக்கவுண்டன்ட்"னான். வீட்டுக்காரர் அப்பவே வேண்டாம்னார், நான்தான் கேக்கல.

வைசாக்ல இறங்கினா ருஷிகொண்டா இல்ல, ஸ்டேஷனுக்குப் பின்னால ஒரு சந்துல லாட்ஜ். மூணாவது மாடி, லிஃப்ட் கிடையாது. அம்மா முழங்காலைப் பிடிச்சுக்கிட்டு ஒவ்வொரு படியா ஏறினாங்க. அவனுக்குப் போன் பண்ணினா, "ஒரு ராத்திரி அட்ஜஸ்ட் பண்ணிக்கோங்கக்கா, நாளைக்கு மாத்திடறேன்"னான். ராத்திரி லாட்ஜ்காரர் கதவைத் தட்டி, எங்களுக்கு யாரும் பணம் கட்டலைன்னு வாடகை கேட்டார். 2,400 தனியாக் கட்டினோம்.

மறுநாள் விடிகாலை ஸ்டேஷன்ல டிக்கெட் பரிசோதகர்கிட்ட அவன் அனுப்பின டிக்கெட்டைக் காட்டினேன். அவர் போனை வாங்கி, விரலால பெருசாக்கிப் பார்த்தார். "இதி டிக்கெட் காதம்மா" (இது டிக்கெட்டே இல்லம்மா)ன்னார். பழைய டிக்கெட்ல தேதியை மாத்தி ஒட்டியிருக்கான். அந்த 4 மட்டும் மத்த எழுத்தைவிடத் தடிமனா இருந்துச்சு. வீட்லயே ஒரு தடவை பெருசாக்கிப் பார்த்திருந்தா எனக்கும் தெரிஞ்சிருக்கும். ரயில் எங்க கண்ணு முன்னாடி கிளம்பிப் போச்சு. சின்னவ கேக்குறா, "நம்ம கண்ணாடிப் பெட்டி அதானே?"

போன் பண்ணினா முதல்ல "சர்வர் பிராப்ளம்க்கா". அப்புறம் "மீட்டிங்ல இருக்கேன்". அப்புறம் "ரேப்பு சேஸ்தானு மேடம்", நாளைக்குப் பண்றேன்னு. தமிழும் போச்சு, அக்காவும் போச்சு. சாயங்காலம் பிளாக் பண்ணிட்டான்.

அரசு பஸ்ஸுல அரக்கு போனோம். அனந்தகிரி மேல ஏறறப்ப ரெண்டு பக்கமும் காப்பித் தோட்டம், மரத்தைச் சுத்தி மிளகுக் கொடி, ஜன்னல்ல சில்லுனு காத்து. அந்த மலைக்கும் அந்தக் கடலுக்கும் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். ஆனா போரா குகைக்குள்ள அத்தனை படி இறங்க அம்மாவால முடியல, வெளியிலயே உட்கார்ந்துட்டாங்க. கார்னு சொல்லித்தானே அவங்களைக் கூட்டிட்டு வந்தேன்.

அவசரமா நாலு வார்த்தை. ரயில் டிக்கெட்டை ரயில்வேயோட ஐஆர்சிடிசி தளத்துல நீங்களே போடுங்க. வேற யாராவது போட்டுக் கொடுத்தா டிக்கெட்ல இருக்கிற பிஎன்ஆர் நம்பரை உடனே ரயில்வே விசாரணை எண் 139-ல விசாரிங்க. ஆந்திர சுற்றுலாத் துறையே அரக்கு டூர் நடத்துது, அங்க கேளுங்க. பணம் வாங்குற பேர் வேறயா இருந்தா அனுப்பாதீங்க. ஏமாந்தது தெரிஞ்ச நிமிஷமே சைபர் மோசடிப் புகார் எண் 1930-க்கு அடிங்க. நான் ரெண்டு நாள் அவனையே கெஞ்சிக்கிட்டு இருந்துட்டு அப்புறம்தான் அடிச்சேன். புகார் எண் வந்திருக்கு, 18,600 வரல.

நேத்து ராத்திரி அதே கண்ணாடிப் பெட்டிப் படத்தோட வேற பேர்ல விளம்பரம் வந்துச்சு. இப்ப 17,900-ஆம்.